காலுக்குள் மூங்கில்

இடுக்கியின் நுனியில் வந்தது எலும்பு இல்லை.

மலாயாவில் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம். 1929. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர் ஞானசேகரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மூங்கில்... தீக்குச்சி நீளம். யாரோ கத்தியால் சீவியது!

பத்து மாதத்துக்கு முன் ரப்பர் மரம் சாய்ந்து, கூலியாள் உடையப்பனின் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு முறிந்தது. புண்ணைத் தினமும் கழுவியும் சீழ் நிற்கவில்லை. எலும்பு கூடவில்லை. வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார். இப்படியே இருந்தால் காலை எடுத்துவிடுவார்.

"உடையப்பன், இதை ஆர் வைச்சது?"

"தெரியலிங்கய்யா. மரத்துலேருந்து வந்திருக்கும்."

"ரப்பர் மரத்தில மூங்கில் காய்க்குதோ?"

உடையப்பன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் நடுப்பகல். எல்லோரும் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் நின்ற நேரம். ஞானசேகரம் மருந்து அலமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றார்.

உடையப்பன் மனைவி வீரம்மா சோற்றுத் தூக்குடன் வந்தாள்.

தூக்கைத் திறக்கவில்லை...

உடையப்பன் காலின் கட்டை அவிழ்த்தாள். மடியிலிருந்து எடுத்தாள்... சீவிய மூங்கில்!

அந்தக் கையை எட்டிப் பிடித்தார் ஞானசேகரம்.

"புருசன்ர காலைக் கெடுக்கிறியே... இப்பவே போலீசுக்கு ஆள் அனுப்புறன்."

கட்டிலிலிருந்து உடையப்பனின் குரல் வந்தது.

"அவள விடுங்கய்யா. வைக்கச் சொன்னதே நாந்தான்."

"உனக்கு விசரே... பைத்தியமே?"

"ஒத்தக் கால வச்சு மரம் சீவ முடியாதுல்ல? வேலைக்கு ஆவாதுன்னு எழுதி, டிக்கட்டுக் காசு இல்லாமலே ஊருக்குக் கப்பல் ஏத்திருவாங்க. போன வருசம் கை போன சின்னையாவ அனுப்புனாங்கல்ல."

"காலைக் குடுத்து ஊருக்குப் போறதோ?"

"குடுக்க வேற என்னங்கய்யா இருக்கு எங்கிட்ட?"

வீரம்மா அப்போதுதான் பேசினாள்.

"புள்ளைய அங்க விட்டுட்டு வந்து ஏழு வருசம். மொகமே மறந்துபோச்சு."

ஞானசேகரம் அவள் கையை விட்டார்.

"நான் ஒண்டும் காணேல்ல."

வெளியே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை. சீழ் நிற்கவில்லை. டாக்டர் பெட்டியைத் திறந்தார். எலும்பு அறுக்கும் வாளைக் கண்டு உடையப்பன் கும்பிட்டான். குளோரோபாரம் மயக்கம் அவனை மூழ்கடித்தது.

விழித்ததும் கீழே தடவினான்.

கால் இருந்தது!

தொடையிலிருந்து பாதம் வரை வெள்ளைச் சாந்துக் கட்டு... கல்லாய் இறுகிப்போய்.

"புது முறையாம்." ஞானசேகரம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ள கிடந்ததெல்லாம் சுரண்டி எடுத்திட்டு, புண்ணோடயே மூடிப்போட்டார். ஆறு கிழமைக்கு, நாப்பத்திரண்டு நாளைக்கு, ஆரும் திறக்கேலாது. கால் தப்பிடுமெண்டு சொல்லுறார்."

"தப்புனா?"

"திரும்ப வேலைதான்."

வீரம்மா அந்த வெள்ளைக் கட்டைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். விரல் நுழைய இடமில்லை. அங்கேயே தலை சாய்த்து அழுதாள்.

உடையப்பன் சாந்தை விரலால் தட்டிப் பார்த்தான்.

"விடு புள்ள. ஏழு வருசமா என்னைய இங்க பூட்டித்தான் வச்சிருக்காங்க... இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்காங்க."