அம்மா இன்னும் வரல

தனுஜா தன் மகள் நிவாஷினியைத் தாஸ்கா எனும் குழந்தைகள் காப்பகத்தில் விடப் போன முதல் நாள் மழை பெய்யவில்லை. ஆனாலும் அந்த வீட்டு வாசல் மட்டும் ஈரமாக இருந்தது.

புக்கிட் பெருந்துங் குடியிருப்பில் கடைசி வரிசையின் மூலை வீடு அது. பக்கத்து வீடுகளில் பாதி ஆளில்லாமல் கிடந்தன. ஜன்னல்களைக்கூட யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பின்னால் செம்பனை மரங்கள் இருட்டிக்கொண்டு நின்றன. தாஸ்காவுக்கு மட்டும் மஞ்சள் சாயம் பூசி, சுவரில் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள்.

உள்ளே குழந்தைப் பவுடர் வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது. கோலசிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தனுஜாவுக்கு அது உடனே பிடிபட்டது. நாள்பட்டுப் புளித்த ரப்பர்பால். இந்தப் பக்கம் ஒரு ரப்பர் மரத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

"புதுப் புள்ளையா? வா வா," என்று தாஸ்காவை நடத்தும் தங்கமணி நிவாவின் கையைப் பிடித்தாள். மூன்று வயதுப் பிள்ளை அழவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல உள் அறையைப் பார்த்துக்கொண்டே நடந்து போனது.

தனுஜாவுக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் அக்கா மோகனாவின் ஏற்பாடு. ரவாங் தொழிற்சாலையில் தனுஜாவின் கணவன் லிங்கேஸ்வரனுக்கு வேலை கிடைத்ததும், தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவள் மோகனா. தனுஜாவுக்கும் தன் ஆபீசிலேயே வேலை சொல்லி வைத்தாள். அம்மா இறந்த பிறகு தனுஜாவுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம்வரை கூட நின்றவளும் அவள்தான்.

"வேற எங்கயும் போடாத தனு. யுவனும் அங்கதான் இருந்தான்," என்று மோகனா திரும்பத் திரும்பச் சொன்னாள். "நாளைக்கே சேத்துரு. இழுத்தடிக்காத."

யுவனேஸ்வரன் மோகனாவின் மகன். தனுஜா குடி வந்த அன்று அவன் பையைத் தோளில் மாட்டியபடி தன் வீட்டுக் கிரில் கதவருகே உட்கார்ந்திருந்தான். ஒட்டிப்போன கன்னம். சித்தி கூப்பிட்டும் திரும்பவில்லை.

"வெளையாடுறான்லா, விடு," என்றாள் மோகனா, அவன் பக்கம் பார்க்காமலே.

நிவா தாஸ்காவுக்குப் போகத் தொடங்கிய அந்த வாரத்திலேயே யுவன் மாறிவிட்டான். தெருவில் சைக்கிள் ஓட்டினான். மூன்று ரொட்டி சானாய் கேட்டுச் சாப்பிட்டான். மோகனா அவனைக் கட்டிப்பிடித்து அழுததைத் தனுஜா பார்த்தாள். அக்காவுக்காக அவளுக்கும் கண் கலங்கியது.

அதே வாரம் ஒரு சாயங்காலம், மழைக்கு நடுவே தனுஜா நிவாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். உடுப்பு மாற்றத் துண்டு எடுத்துக்கொண்டு வந்தபோது நிவா முன்னறையில் இல்லை.

கிரில் கதவருகே உட்கார்ந்திருந்தாள். தோளில் பை.

"என்னடா கண்ணு, இங்க வந்து உக்காந்துட்ட?"

"அம்மா இன்னும் வரல."

தனுஜா சிரித்தாள். "அம்மா இங்கதானே இருக்கேன்."

நிவா தலையைத் தூக்கி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இரக்கப்பட்டுப் பேச வந்த வேற்று ஆளைப் பார்க்கும் பார்வை.

"நீங்க இல்ல."

நிவா அவளை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை.

தனுஜா குனிந்து அவளைத் தூக்கினாள். பிள்ளையின் தலைமுடியிலிருந்து புளித்த பால் வாடை அடித்தது.

அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அப்படித்தான். சோறு ஊட்டினால் வாயைத் திறக்கும்; கண் மட்டும் வாசலைவிட்டு நகராது. தங்கமணியிடம் கேட்டபோது, "புது எடம்லா, பழகிரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். லிங்கேஸ்வரனும் அதையேதான் சொன்னான். யாரிடம் சொல்லி அழுவது? தனுஜாவுக்கு இருந்தது அக்கா ஒருத்திதான்.

சனிக்கிழமை மத்தியானம் நிவாவைத் தூக்கிக்கொண்டு மோகனா வீட்டுக்குப் போனாள்.

முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்த யுவன் நிவாவைப் பார்த்ததும் எழுந்தான். ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து அம்மாவின் முதுகில் ஒட்டிக்கொண்டான்.

"அம்மா," என்றான் கிசுகிசுப்பாக. "அது திரும்பி வந்துருச்சு."

மோகனா அவன் வாயைப் பொத்தினாள்.

பொத்திய அந்தக் கையைத்தான் தனுஜா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எது, அக்கா?"

மோகனா மகனை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்காரப் போனவள் உட்காரவில்லை.

"அங்க ஒரு புள்ள இருக்கு தனு," என்றாள். "முன்ன இது ரப்பர் தோட்டமா இருந்தப்ப அந்த எடத்துலதான் ஆயா கொட்டகை இருந்துச்சாம். பால்வெட்டுக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போவாங்கல்ல, அது. ஒரு நாளு ஒரு புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போக யாரும் வரலியாம்."

"யாரு சொன்னா?"

"தங்கமணிதான்."

"அவங்களுக்கும் தெரியுமா?"

மோகனா தலையைக் குனிந்துகொண்டாள். "அது யாராச்சும் ஒரு புள்ளையோட வீட்டுக்கு வந்துரும். தாஸ்காவ விட்டு நிறுத்துனாலும் போகாது. புதுப் புள்ள ஒண்ணு அங்க வந்தாத்தான் இத விட்டுட்டு அதுகிட்டப் போகும். நான் போகாத கோயிலு இல்ல. எம்புள்ள என்னைய அம்மான்னு கூப்புடவே இல்ல தனு. பெத்தவ எப்படித் தாங்குவா?"

"அதுக்கு எம்புள்ளையா?"

"வேற யாரு என்னைய நம்பி அங்க கொண்டுபோய் விடுவாங்க?"

வீடு பார்த்துக் கொடுத்தது, வேலை வாங்கிக் கொடுத்தது, குடி வந்த அன்று அடுப்பில் பால் காய்ச்சி ஊற்றியது, எல்லாமே ஒவ்வொன்றாகத் தனுஜாவின் முன்னால் வந்து நின்றன. தன் தலையைப் பின்னிவிட்ட கைகள்தான் அவை. அவற்றுக்குத் தெரிந்தேதான் இது நடந்திருக்கிறது.

"நீயும் அதையே பண்ணு," என்றாள் மோகனா மெதுவாக. "யாராச்சும் புதுசா குடி வருவாங்கலா."

தனுஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா வாசல்வரை வருவாள் என்று எதிர்பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

வேலையை விட்டாள். தாஸ்காவிலிருந்து நிவாவை நிறுத்தினாள். மோகனா சொன்னதுபோலவே அது போகவில்லை.

மாதக் கடைசியில் எதிர்வீட்டுக்கு ஹிதாயா என்ற பெண் குடி வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கேட்டருகே நின்று சிநேகமாகச் சிரித்தாள்.

"அக்கா, திங்கக்கெழமை நான் வேலைக்குப் போகணும். இங்க நல்ல தாஸ்கா எது? நீங்க சொன்னா அங்கயே போட்டுருவேன்."

தனுஜா வாயைத் திறந்தாள்.

முதுகுக்குப் பின்னால் கிரில் கதவருகே நிவா பையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். மூலை வீடு என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை சாயங்காலம் தன் மகள் ஓடிவந்து மடியில் விழுவாள்.

ஹிதாயாவின் குழந்தை தூக்கத்தில் அவள் தோளைப் பற்றிக்கொண்டது.

"மூலை வீட்டுல மட்டும் போடாதீங்க," என்றாள் தனுஜா. "யாரு என்ன சொன்னாலும் போடாதீங்க."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு நிவாவின் பக்கத்தில் நகர்ந்து, பிள்ளையின் கண்களுக்குள் இருந்த அந்த இன்னொன்றைப் பார்த்துப் பேசினாள்.

"உங்கம்மாவுக்கு என்ன ஆச்சோ தெரியல. இனி நான் இருக்கேன். நீயும் எம்புள்ளதான். உள்ள வா."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அம்மா, பசிக்குது," என்றாள் நிவா.

அவளுடைய குரல். அவளுடைய குரலேதான்.

அதன்பின் நாட்கள் நல்லபடியாகவே போயின. நிவா சிரித்தாள், சண்டை போட்டாள், கேட்டுச் சாப்பிட்டாள். மோகனா அடிக்கடி போன் அடித்தாள். தனுஜா எடுக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், மழை விட்ட நேரம். தனுஜா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறை ஜன்னலடியிலிருந்து நிவா கூப்பிட்டாள்.

"அம்மா, கேட்டு பக்கத்துல ஒரு அம்மா பால்வாளியோட நிக்கிறாங்க."

தனுஜா வந்து பார்த்தாள். கேட்டருகே யாரும் இல்லை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

காற்றும் இல்லை.

கேட்டில் தொங்கிய பூட்டு மட்டும், யாரோ கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டதுபோல, ஆடிக்கொண்டிருந்தது.

நிவா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ரெண்டு பேருல யார வரச் சொல்றாங்கன்னு கேக்கட்டா, அம்மா?"