ஆண் குரலில் பாடிய அம்மா

“என் அம்மாவைத் திருடிட்டாங்க சார்,” என்று சொல்லிக்கொண்டே அந்த நர்ஸ் கடைக்குள் வந்தார்.

கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்திருந்த நிதானம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதற்கும் பதறாத மனிதர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. கடிகாரம் பழுதுபார்ப்பது தொழில். அடுத்தவர் புதிரை அவிழ்ப்பது பழக்கம். பதற்றத்தையெல்லாம் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அவருடைய மச்சினி மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

“ஐயோ, அம்மாவையா? போலீசுக்குச் சொன்னீங்களா?” என்று கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள்.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நர்ஸின் அம்மா ஒரு சிறிய ஜாஸ் குழுவில் பாடியவர். அந்தக் குழு சொந்தக் காசில் நூறு ரெக்கார்டுகள் மட்டும் அச்சிட்டது. மகளுக்குப் பதினோரு மாதமானபோது அம்மா காலமானார். அந்தக் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. பழைய ரெக்கார்டு விற்கும் கடைக்காரர் ஒருவர் அவருக்காகப் பதினோரு வருடம் தேடி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரெக்கார்டு சேகரிக்கும் பல்டாக்டர், அதை இரண்டு நாள் வைத்திருந்து அழுக்குப் போக இலவசமாகக் கழுவிக் கொடுத்தார்.

“நேத்து ஆசையாப் போட்டேன். யாரோ ஒரு ஆம்பளை பாடுறான் சார், தூங்கி வழியுற குரல்ல! பாதியிலயே நிறுத்திட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் அசலை அமுக்கிட்டு, வேற எதையோ என் தலையில கட்டிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் எங்க ஜாஸ் சங்கத்துல எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன்.”

“கடைக்காரர் போட்டுக் காட்டலையா?” என்றார் நிதானம்.

“எதையும் போட்டுக் காட்டாம விக்க மாட்டார். இதை மட்டும் உறையை ஒட்டிக் கொடுத்துட்டார்.”

“அத்தான், கடைக்காரர்தான்!” என்றாள் மச்சினி.

“டாக்டர்?” என்று நர்ஸைக் கேட்டார் நிதானம்.

“அவரும் கேக்கவே இல்லைன்னு சொல்றார்.”

“அப்போ டாக்டர்தான்!”

“கொஞ்சம் பொறு தாயே,” என்று நிதானம் எழுந்தார்.

அடுத்த தெருவில் நர்ஸின் வீடு. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நிதானம் ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளின் ஓரத்தில், பள்ளங்கள் முடியும் இடத்தில், ஊசியால் கீறிய எண் ஒன்று இருந்தது. அட்டை உறையில் அச்சிட்ட எண்ணும் அதுவே. பிறகு பிளேயரில் போட்டார். முதலில் யாரோ இருமினார்கள். எருமை செருமியது போல இருந்தது. அப்புறம் அந்த இழுவைக் குரல். நிதானம் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கினார், லேபிளைப் படித்தார்.

“அந்த ரெண்டு பேரையும் இங்கேயே வரச் சொல்லுங்க. சங்கத்துக்கு வேண்டாம்.”

வந்தவர்களில் டாக்டர் கோபத்தில் சிவந்திருந்தார். கடைக்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“ரெக்கார்டு மாறல,” என்று ஆரம்பித்தார் நிதானம். “கீறின நம்பர் அட்டையோட பொருந்துது. லேபிளைப் பிரிச்சு ஒட்டின தடமும் இல்ல. பாட்டோட நீளம் மூணு நிமிஷம் பத்து செகண்டுன்னு லேபிள் சொல்லுது. எனக்கு நாலு நிமிஷம் பதினாறு செகண்டு ஆச்சு. என் கடிகாரம் பொய் சொல்லாது, சொன்னா நான் கடையை மூடணும்.”

“அப்படின்னா?” என்றாள் மச்சினி.

“மனுஷன் எருமை மாதிரி இருமுவானா? எல்லாமே மெதுவா ஓடுது. பெரிய ரெக்கார்டுன்னா நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்து, சின்னதுன்னா நாற்பத்தஞ்சு. சேகரிக்கிறவங்க கை யோசிக்காமலே வேகத்தை அப்படித் திருப்பி வெச்சிடும். நம்ம மச்சினி மாதிரி ஒண்ணும் தெரியாதவங்க ரெண்டு வேகத்துலயும் போட்டுப் பார்த்திருப்பாங்க. ஒலி தெளிவா இருக்கணும்னு இந்தக் குழு பெரிய ரெக்கார்டையே வேகமா ஓடுற மாதிரி பதிஞ்சிருக்கு. லேபிள்ல வேகத்தைப் போட மறந்துட்டாங்க.”

“ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே!” என்று டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஏன் போடல? அதுதான் எனக்கும் புரியாத இடம்,” என்றார் நிதானம்.

கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு. ஆனா அந்தக் குரலை முதல்ல மகதானே கேக்கணும்? டாக்டர்கிட்டயும் தனியா அப்படித்தான் சொல்லி வெச்சேன். கழுவுங்க, ஊசி மட்டும் வைக்காதீங்கன்னு.”

நிதானம் வேகத்தை மாற்றி ஊசியை வைத்தார்.

ஒரு இளம்பெண்ணின் குரல் அறையை நிறைத்தது. துள்ளலும் கொஞ்சம் கரகரப்பும் கலந்த குரல். மச்சினி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு அழுதாள். நர்ஸ் இரண்டு பேரின் கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“திருடங்கன்னு சொன்னேனே, என்னை மன்னிச்சிடுங்க. என் அம்மாவை எனக்குத் தேடிக் கொடுத்திருக்கீங்க. இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?”

“அட, விடுங்க சிஸ்டர்,” என்றார் கடைக்காரர்.

இந்த முறை ஊசியை யாரும் தூக்கவில்லை. பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடியது. ஒரு சின்னச் சிரிப்பு, பிறகு குழுவினரிடம் அந்தப் பெண் கேட்டாள்: “இன்னொண்ணு பாடட்டுமா?”

“பாடும்மா,” என்றார் நர்ஸ்.

கடைக்காரர் எழுந்து ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார்.