பின்னுக்கு இழுத்த அரைமணி நேரம்

துடைத்துக் காய்ந்த நடைக்கூடத் தரை மறுபடி ஈரமாயிருந்தது. துடைப்பவள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள், வாளியையும் காணவில்லை. ஆனாலும் பிரசவ அறை வாசலிலிருந்து தன் காலடி வரை டெற்றோல் மணம் புதிதாய் எழும்ப, அந்த ஈரம் மினுங்கிக்கொண்டு கிடப்பதைச் சீவரத்தினம் குனிந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவகச்சேரியில் அவருடைய தகப்பனார் தொடங்கிய பிள்ளைப்பேற்று மனை அது. அங்கே எழுதிய பிறந்த நேரத்தை எந்தச் சாத்திரியாரும் மறுகேள்வி கேட்டதில்லை. ஒருவரும் பொய் நேரம் எழுதக்கூடாது என்பதற்காகவே பதிவு முழுவதையும் சேவர் என்ற மையக் கணினியிடம் விட்டிருந்தார். சுவர் மணிக்கூடுகளெல்லாம் அதைப் பார்த்தே ஓடின. கையால் நேரம் பதிய வழியே கிடையாது.

இன்று அவருடைய சொந்த மகள் சாருஜா பெண்பிள்ளை பெற்றாள். பூசம் கழிந்து ஆயிலியம் பிறந்த கையோடு. ஆயிலியத்துப் பெண் மாமிக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டு எந்த நல்ல குடும்பம் நாளைக்கு இந்தப் படியேறும்? பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. மணிக்கூட்டையே அரைமணி பின்னுக்கு மாற்றச் சொன்னார். மணிக்கூடு காட்டுவதை எழுதினால் அது பொய்யாகாதல்லவா?

கணினிக்குப் பொறுப்பான தங்கை மகன் வாகீசன் தலையைச் சொறிந்தான்.

"மாமா, சேவரின்ரை நேரம் கூடிப்போனால் அதை மெல்ல ஓடவிட்டுத்தான் சரிக்கட்டுறது. பின்னுக்கு இழுக்கிறேல்லை. இழுத்தால் ஒரே அரைமணி ரெண்டு தரம் வரும்."

"வந்தால் வரட்டும். வாறவைக்குக் கதிரை எடுத்துப் போடு."

வாகீசன் சிரித்துக்கொண்டே இழுத்தான். பேத்தியின் பிறப்பு பூசத்தில் பதிவாயிற்று. குடும்ப மானம் தப்பியது என்ற நிம்மதியோடு வெளியே வந்தவரின் கண்ணில்தான் அந்த ஈரம் பட்டது.

கோயிலில் உச்சிப் பூசை மணி அடித்தது. முன்னமே அடித்து ஓய்ந்த மணி. கண்டி வீதியில் ஒரு பஸ் அதே நீளத்துக்கு ஊதிவிட்டு நின்றது. யன்னல் கம்பியில் காகமொன்று முன்போலவே வந்து குந்தி, முன்போலவே இடது சிறகைக் கோதிவிட்டுப் பறந்தது.

தலைமைத் தாதி லூர்த்தம்மா வெந்நீர்ச் சட்டியோடு விரைந்து வந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. தலை தெரியுது."

இதையும் அவள் சொல்லி முடித்தாயிற்றே.

"ஆருக்கு, லூர்த்தம்மா?"

அவள் திரும்பவில்லை. பிரசவ அறைக் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே முனகல். பிறகு அலறல்.

"அப்பா!"

சாருஜாவின் குரல்.

பிரசவம் முடிந்து மகளைக் கிடத்தியிருந்த கடைசி அறையை எட்டிப் பார்த்தார். சாருஜா பிள்ளையை அணைத்தபடி அயர்ந்து தூங்கினாள். வாய் மூடியிருந்தது.

"ஏலாது அப்பா!"

குரல் பிரசவ அறைக்குள்ளிருந்து.

"வாகீசன்! மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளடா!"

"தள்ளீட்டன் மாமா! திரையிலை சரியாத்தான் காட்டுது. சுவர் மணிக்கூடுதான் அசையேல்லை." கணினி அறையிலிருந்து வந்த அவன் குரலில் இப்போது சிரிப்பில்லை.

பிள்ளை அழுதது. மெல்லிய, புத்தம் புதிய அழுகை.

கதவு திறந்தது. லூர்த்தம்மா துவாயில் சுற்றியதை நீட்டினாள்.

"பெண்பிள்ளை ஐயா. பூசத்திலை."

கைகள் தாமாக நீண்டு வாங்கின. சூடு. ஈரம். இரத்த வாடை. துடிக்கும் பாரம்.

பின்னால் வெறுங்காலின் ஓசை. சாருஜா விழித்தெழுந்து வந்து நின்றாள், மார்பில் தன் பிள்ளையோடு. தகப்பனை அவள் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் பிரசவ அறைக்குள் பார்த்தாள்.

அங்கே, கட்டிலில், வியர்வையில் ஊறிய தலையை மெல்ல உயர்த்தி, சாருஜா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, உவள் ஆர்?"

இரண்டு வாய்களும் ஒன்றாக அசைந்தன.