வரட்டும்

பதில் சீக்கிரமாக வந்தது. முதலில் உறுத்தியது அதுதான்.

மரத்தின் மேல் இருப்பவன் "வருது!" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே கயிறு பிடிப்பவர் விலகி நின்று "வரட்டும்!" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அறுக்கும் மிஷின் கிளையில் படலாம். பதினோரு வருடமாக இவனுக்கும் மச்சானுக்கும் அதுதான் சட்டம். ஒரே ஒரு தடவை இவன் பதிலுக்குக் காத்திராமல் அறுத்துவிட்டான். மச்சானின் தோள்பட்டை நொறுங்கிப் போனது. அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மனைவி வாசலில் நின்று ஒன்றுதான் சொல்வாள்: "எங்கண்ணனை முழுசாக் கூட்டிட்டு வாங்க."

மச்சான் எதையும் உடனே சொல்கிற ஆள் இல்லை. முதலில் இருமுவார். பிறகு, "வரட்டும் வரட்டும், எனக்கென்ன பயமா?" என்பார். கயிற்றைத் தளர்த்துமுன் அதை இரண்டு முறை சுண்டி இழுப்பார். அந்த இழுப்பு மேலே கட்டிய கப்பி வழியாக ஏறி வர, இவன் உட்கார்ந்திருக்கும் கிளை இரண்டு முறை அதிரும்.

இன்று இருமல் இல்லை. இவன் வாயை மூடுமுன்னே "வரட்டும்!" குரல் என்னவோ அவருடையதுதான். கட்டிய கிளை எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதிர்வே இல்லை.

குனிந்து பார்த்தால் இலைதான் தெரிந்தது, அதற்குக் கீழேயும் இலை. மூன்று மணிக்கே வானம் மூடிக்கொண்டிருந்தது. அறுத்த மரத்தின் பச்சை வாசனைக்கு நடுவே, பல நாள் மூடிவைத்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு வாடை அடிமரத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. அங்கே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. காலையில் மச்சான் அதைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைக்கலாம் மாப்ளே" என்று சிரித்திருந்தார்.

"மச்சான், தண்ணி குடிச்சீங்களா?"

சத்தமில்லை.

"கோவமா மச்சான்?"

அதற்கும் சத்தமில்லை.

இவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தான். முடிச்சைத் தடவினான். பிறகு, ஏன் என்று தெரியாமலே, தனக்கே கேட்காத குரலில் சொன்னான்: "வருது."

"வரட்டும்."

அதே ரகசியக் குரல். தரையிலிருந்து அல்ல. தொடைக்குக் கீழே, மரத்துக்குள்ளிருந்து.

கை தானாக மிஷினை அழுத்திவிட்டது. கட்டி வைத்திருந்த பெரிய கிளை, ஆள் பருமன், முறிந்து கயிற்றில் தொங்கியது. பாதி தூரம் இறங்கி நின்றது. அது இருந்த இடத்தில் இலைகளுக்கு நடுவே ஒரு சன்னல் திறந்தது. தோட்டத்தின் வெளிக்கதவு தெரிந்தது. நடைபாதை தெரிந்தது.

கதவு கிறீச்சிட்டது. மஞ்சள் ஹெல்மெட். கையில் கேன்.

"மாப்ளே! நீங்க கேட்ட பெட்ரோல் இந்தாங்க. அரைமணி நேரம் வரிசையில நிக்க வச்சிட்டான்!"

"நான் எப்ப கேட்டேன்?"

"நல்லாருக்கே! கீழ இறங்கி வந்து நீங்கதானே கேட்டீங்க!"

காலையில் ஏறியவன். இன்னும் இறங்கவே இல்லை.

"உள்ள வராதீங்க! அங்கேயே நில்லுங்க மச்சான்!"

மச்சான் காதில் கையை வைத்து, "என்னது?" என்றார்.

"உள்ள வாங்கன்னேன் மச்சான்." அடிமரத்திலிருந்து. இவனுடைய குரல். "கயிறை நான் பிடிச்சிருக்கேன்."

மச்சான் மேலே பார்க்கவில்லை. அடிமரத்தைப் பார்த்தார். தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோலச் சிரித்தார். நடந்து வந்தார். தொங்கும் கிளைக்கு நேர் கீழே நின்றார். கேனை வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

இவன் கத்தினான். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"வருது!" என்றது கீழே இவன் குரல்.

மச்சான் இருமினார். பதினோரு வருடப் பழக்கம்.

"வரட்டும் வரட்டும், எனக்கென்ன பயமா?"

அவர் கால் நகரவில்லை.

இவன் உட்கார்ந்திருந்த கிளை அதிர்ந்தது. ஒரு முறை.

இன்னொரு முறை.