ஹீலரின் இடப்பக்கம்

"இசக்கிச்செல்வி எங்க, அண்ணாச்சி?"

கேட்டுவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி சொன்ன ஒரே சட்டம் அதுதான். லீவு கேளு, சம்பளத்தைக் கூட்டிக் கேளு, உனக்கு முன்னால அந்த சீட்டுல இருந்த பிள்ளை எங்கன்னு மட்டும் கேக்காத. படிச்ச திமிரை அங்கன காட்டாத என்று வள்ளிமயிலின் அம்மாவும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் வள்ளிமயில். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்று வருஷம். வாயை அடக்கிக்கொண்டு இந்த மாடியில் ஐந்து மாசம். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவாள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜையில் அது விட்டுப்போன ஈர வட்டத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தார்.

"நீ இப்ப என்ன லெவல்ம்மா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சொல்லுதேன். என்ன லெவல்?"

"அம்பத்தொம்பது."

"அறுவது ஆகட்டும். நீயே பாத்துக்கிடுவ." சிரித்தார். "தங்கச்சி மொத நாளு வந்திருக்கா. போய் அவளைக் கவனி."

பகல் இரண்டு மணி. ஆடிக் காற்று கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னல் தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. கீழே டிராக்டர் சாமான் கடை. மேலே, ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸின் குடோனாக இருந்த நீளமான ஹால். அப்போது ஊறிய மெழுகு வாடையும் குச்சி மருந்து வாடையும் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் சுவரை விட்டுப் போகவில்லை. ஏசி ஓட ஓட இன்னும் கூடுதலாகக் கசிந்தது. அதற்குள் எட்டு கம்ப்யூட்டர், எட்டுப் பிள்ளைகள், எட்டு ஹெட்செட். பேச்சுக் கிடையாது. கீபோர்டு சத்தம் மட்டும், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி.

வேலை என்னவென்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். வெளிநாட்டில் எவனோ ஒருத்தன் ஆன்லைன் கேம் ஆடுகிறான். ஒன்றாம் லெவலிலிருந்து நரியையும் பாம்பையும் அடித்து அடித்து மேலே ஏற அவனுக்குப் பொறுமை இல்லை. ஐடியை இங்கே அனுப்பிவிடுவான். அறுபதாம் லெவல் வரை ஏற்றிக் கொடுக்க வேண்டியது இந்தப் பிள்ளைகள். வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, ஹீலர் என்று ஆளுக்கு ஒரு வகை. தனி ஆட்டம்தான். கூட்டுச் சேர்ந்து ஆடினால் ஐடியைப் பூட்டிவிடுவார்கள் என்பது அண்ணாச்சி சொல்வது.

வள்ளிமயிலுக்கு ஹீலர். காயம் ஆற்றுகிறவள். தனியாக ஆடுவதற்கு இதைப் போல எரிச்சலான வகை கிடையாது. பலமாக அடிக்கத் தெரியாது. எதிரி களைத்துச் சாகும் வரை தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாம் பொத்தானை அழுத்தினால் பச்சை வெளிச்சம் ஒன்று கிளம்பும். பக்கத்தில் இருப்பவர்களில் யாருக்குக் காயம் அதிகமோ, தானாக அவர்களிடம் போகும். தனியாக நிற்கிறவளுக்குப் பக்கத்தில் யார்? வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி அவள் மேலேயே விழும்.

இரண்டு வாரமாக அது அவள் மேல் விழவில்லை.

இடப்பக்கமாகப் போனது. பொட்டல் வெளியில், ஒருத்தரும் இல்லாத பக்கம், மண்ணோடு மண்ணாகத் தவழ்ந்து கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய் அணைந்தது. முதலில் நெட் கோளாறு என்று நினைத்தாள். சிஸ்டத்தை அணைத்துப் போட்டாள். பிறகு, படித்தவள்தானே, எண்ணிப் பார்த்தாள். பத்து முறை அழுத்தினால் பத்து முறையும் இடப்பக்கம். கோளாறு என்றால் ஒரு முறையாவது வலப்பக்கம் போக வேண்டாமா?

இன்றைக்குக் காலையில் இன்னொன்று நடந்தது. தங்கச்சி இந்துஜாவுக்கு ஜடை பின்ன உட்கார்ந்தாள். இந்துஜாவுக்கு நாலு வயசிலிருந்து தினமும் பின்னுகிற ஜடை. முடியை மூன்றாகப் பிரித்தாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. எதை எதன் மேல் போடுவது? மூன்று கற்றையையும் பிடித்துக்கொண்டு, கணக்கு மறந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, தூங்கிட்டியா?" இந்துஜா சிரித்துக்கொண்டே முடியைப் பிடுங்கி ஒரு ரப்பர் பேண்டுக்குள் அடக்கினாள். "ராத்திரி பூரா கனவுல நரி அடிச்சியாக்கும்."

அப்புறம் கழுகுமலை பஸ்ஸில் பத்திரகாளி அத்தை. இசக்கிச்செல்வியின் அம்மா. மகள் அறுபதாம் லெவல் முடித்ததும் சென்னை பிராஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெருவே மெச்சிக்கொண்டது. ஆறு மாசம் ஆகிவிட்டது. அத்தை போனை நீட்டினாள். "ஏட்டி வள்ளி, இன்னைக்கு வந்ததை வாசிச்சுச் சொல்லு."

நல்லா இருக்கேன். சாப்பிட்டேன்.

மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்றும் அதே. முந்தாநாளும். ஆறு மாசமும். ஒரு புள்ளி மாறவில்லை. அத்தைக்கு எழுத்தே தெரியாது. எழுத்துத் தெரியாத தாய்க்கு எந்த மகளாவது எழுதி அனுப்புவாளா? ஒரு நாளாவது பேசிப் பதிந்து அனுப்ப மாட்டாளா?

"போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன ஒரு மாதிரியா இருந்தா," என்றாள் அத்தை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஆறு வயசுல இருந்து தீப்பெட்டி ஆபீஸ் கட்டையில குச்சி அடுக்குன பிள்ளை. அன்னைக்குச் சும்மா ஒரு கட்டையைக் கொடுத்தேன். அவளுக்கு அடுக்கத் தெரியலை. கை மறந்துபோச்சும்மான்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன்."

வள்ளிமயில் சிரிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இந்துஜா வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். பிளஸ் டூ முடித்துச் சும்மா இருக்கிற பிள்ளை. வீட்டில் அடுத்து யாரும் இருக்காங்களா என்று அண்ணாச்சி கேட்டபோது, இருக்கா என்று சொன்னது வள்ளிமயிலேதான்.

இப்போது அவள் தன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வலது பக்கத்து சீட்டில் இந்துஜா, பெரிய ஹெட்செட்டுக்குள் முகமே சின்னதாகிப்போய்.

"அக்கா, நான் வில்லாளி எடுத்திருக்கேன். நல்லாருக்கா?"

"ஆடாத. சும்மா இரு. அஞ்சு நிமிசத்துல கிளம்புறோம்."

"இப்பத்தானக்கா வந்தோம்."

வள்ளிமயில் மூன்றாம் பொத்தானை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் இடப்பக்கம் போனது. இந்த முறை அதன் பின்னாலேயே ஹீலரை ஓடவிட்டாள்.

பொட்டல் முடிந்தது. முள்செடி முடிந்தது. வரைபடத்தில் பெயர் இல்லாத இடம். தரை கறுத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது; வெளிநாட்டுக்காரன் செய்த கேமில் இந்த மண் எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஹெட்செட்டில் காற்று. வெளியே ஜன்னலில் அறைகிற காற்று ஒரு கணம் நின்றது. ஹெட்செட்டிலும் நின்றது. கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மருந்து வாடை தொண்டையில் இறங்கியது.

மறுபடி அழுத்தினாள். வெளிச்சம் கொஞ்ச தூரம்தான் போனது.

அங்கே மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வாள்வீரன் ஒருத்தன், மந்திரவாதி ஒருத்தி, வில்லாளி ஒருத்தி. தலைக்கு மேல் பெயர் இல்லை. அறுபது என்ற எண் மட்டும். இரும்புக் கவசம் போட்ட வாள்வீரன் சம்மணம் போட்டுக் குனிந்திருந்தான். இந்தக் கேமில் யாராலும் சம்மணம் போட முடியாது. அப்படி ஓர் அசைவே கிடையாது. ஐந்து மாசத்தில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்திருக்கிறாள்.

அவன் கை அசைந்தது. வலது கை தரையிலிருந்து எதையோ எடுத்து, மடியில் வைத்தது. எடுத்தது. வைத்தது. படுவேகம். வரிசை நிறைந்ததும் உள்ளங்கை அடிப்பாகத்தால் இரண்டு தட்டு. டக், டக். திரும்பவும் எடுத்தது.

குச்சி அடுக்குகிறது.

அந்த இரண்டு தட்டு வள்ளிமயிலுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில், டிபன் பாக்ஸ் மூடியில், பரீட்சைப் பேப்பரை அடுக்கும்போது. இசக்கிச்செல்வி எதைச் செய்து முடித்தாலும் அந்த இரண்டு தட்டு உண்டு.

வாள்வீரனின் உயிர்க்கோட்டைப் பார்த்தாள். மயிரளவு சிவப்பு. பச்சை வெளிச்சம் அவன் மேல் விழுந்து கொஞ்சம் ஏறியது. உடனே வடிந்தது. மந்திரவாதிக்கும் அப்படியே. வில்லாளிக்கும் அப்படியே.

வில்லாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

அப்போதுதான் திரையின் அடியைப் பார்த்தாள். லெவல் ஏறுவதைக் காட்டும் மஞ்சள் கோடு. அறுபதுக்கு இன்னும் நாலு நாள் வேலை பாக்கி என்று நேற்றுக் கணக்குப் போட்டிருந்தாள். கோடு கடைசி முனைக்கு வந்திருந்தது. ஒரு விரல்கடை கூட மிச்சமில்லை. ஆற்றுகிற ஒவ்வொரு காயத்துக்கும் அவள் ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு வாரமாக.

கையை எடுத்தாள். மடியில் வைத்து, ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். தொடக் கூடாது. எந்திரிக்கணும். இந்துஜாவைக் கூட்டிக்கிட்டுக் கீழ இறங்கணும். அத்தையைக் கூட்டிக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன். எவன் என்ன சொன்னாலும் சரி.

ஹாலில் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். மற்ற ஆறு பிள்ளைகளும் தங்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை மடியில். அண்ணாச்சி மேஜையில் அடுத்த டீ.

"அக்கா." இந்துஜாவின் குரல். "அக்கா, நரி கடிக்குது. சாவப்போறேன், அக்கா."

வள்ளிமயிலின் திரையிலேயே, கறுத்த மண்ணில், ஒன்றாம் லெவல் வில்லாளி ஒருத்தி நரிக்கு முன்னால் தடுமாறிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் லெவல் இங்கே எப்படி வந்தது?

யோசித்தது அதற்கு அப்புறம்தான். விரல் அதற்குள் அழுத்திவிட்டது.

மூன்று.

பச்சை வெளிச்சம். நரி விலகியது. இந்துஜா கை தட்டிச் சிரித்தாள். மஞ்சள் கோடு நிறைந்தது. திரை முழுக்கப் பொன் நிறம். அறுபது.

அண்ணாச்சியின் டீ கிளாஸ் மேஜையில் உட்காரும் சத்தம்.

அவள் எதையும் அழுத்தவில்லை. இரண்டு கையும் காற்றில் இருந்தது. ஹீலர் தானாக நடந்தாள். காலி இடத்துக்குப் போனாள். உட்கார்ந்தாள். சம்மணம். தலைக்கு மேலிருந்த பெயர் அழிந்தது.

ஒன்றாம் லெவல் வில்லாளி மெதுவாக வந்து, ஹீலருக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நான் எதுவும் தொடலைக்கா," என்றாள் இந்துஜா.

ஹீலரின் கைகள் உயர்ந்தன. அந்தச் சின்னத் தலையின் முடியை மூன்றாகப் பிரித்தன.

வள்ளிமயில் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். டிபன் பையை எடுத்துக்கொண்டு இந்துஜாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாற்காலி விழுந்தது. ஒருத்தரும் திரும்பவில்லை.

"செருப்பை மறந்துராதீங்க பிள்ளைகளா," என்றார் அண்ணாச்சி.

அவரைப் பார்க்கவில்லை. இனி இந்தப் படி ஏறுவதில்லை. அத்தை வீடு, அப்புறம் ஸ்டேஷன். அது முடிவாகிவிட்டது. வாசலைத் தாண்டினாள். இருட்டுப் படிக்கட்டு. கீழே ரோட்டு வெயில், டிராக்டர் ஹாரன், புழுதி. ஒரு கையில் டிபன் பை. மறு கையில் இந்துஜாவின் மணிக்கட்டு. கெட்டியாக.

"அக்கா, மெதுவா."

"வா."

"வாரேன். முடியை மட்டும் இழுக்காத. வலிக்குது."

வள்ளிமயில் நின்றாள். டிபன் பையைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு, இந்துஜாவின் தோளுக்குப் பின்னால்.

ரப்பர் பேண்டு படியில் கிடந்தது. முடி மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று, அவள் பின்னுகிற அதே இறுக்கத்தில், ஜடை தானாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் தங்கச்சியை இழுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள்.