கிரகணத்தில் வந்த குரல்

"கிளப்புங்கண்ணே!" என்று படகில் ஏறி உட்கார்ந்தாள் ரெக்சலின். அவளுக்கு ஏழு மாதம்.

அண்ணன் ஜெபஸ்டின் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னைக்குச் சூரிய கிரகணம் தங்கச்சி! வயித்துப்புள்ளக்காரி வெளிய வரலாமா?"

"வந்தாச்சு. ஓட்டுங்க!"

புயலில் சிக்கிய அவள் கணவன் இனிகோவின் படகு இன்னும் திரும்பவில்லை. தேடிப் போனவர்களும் கைவிட்டுவிட்டார்கள். அவளா விடுவாள்?

கல்யாணத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து செய்த, பேசவும் கேட்கவும் முடிகிற ரேடியோ ஒன்று அவன் படகில் இருந்தது. அதன் ஜோடி இவள் மடியில். அவனுடைய பேட்டரி பழசு, சோலார் தகட்டில் வெயில் பட்டால்தான் உயிர். இரவில் பேச முடியாது. பகலிலோ வெயில் வானத்தில் ஒரு மின்படலத்தை உண்டாக்கி, அவர்களுடைய அலையை விழுங்கிவிடும்.

"கிரகணத்துல அந்தப் படலம் மெலிஞ்சுரும். காலை வெயில்ல ஏறுன சார்ஜும் கொஞ்சம் இருக்கும். அப்பப் பேசுவாரு" என்றாள்.

"அது மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவருதான்!"

நடுக்கடல் வந்ததும் என்ஜினை அணைத்துக் காத்திருந்தார்கள். வெயில் மங்கியது. காற்று குளிர்ந்தது. ஹெட்போனில் இரைச்சல்தான். அவள் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். சட்டென்று இரைச்சலுக்குள் ஒரு குரல்!

"யாராவது... கேக்குதா?"

"என்னங்க! நான்தான்!"

"ரெக்சி? எங்கருந்து பேசுத?"

"கடல்லருந்து. உங்களத் தேடித்தான்."

"கிரகணத்துலயா வெளிய வந்த? அறிவிருக்கா? உள்ள போடீ!"

சாகக் கிடக்கிறவன் பேசுகிற பேச்சா இது! ரெக்சலின் சிரித்தாள், கூடவே அழுதாள். "நடுக்கடல்ல எங்க உள்ள போக? எங்க இருக்கீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல!"

"மணல்திட்டு... உடைஞ்ச கப்பல் ஒண்ணு..."

குரல் அறுந்தது. கேட்டதை அவள் அப்படியே அண்ணனிடம் சொன்னாள். ஜெபஸ்டின் துள்ளி எழுந்தான். "அந்தத் திட்டு எனக்குத் தெரியும்!"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இனிகோ இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தான். உதடு வெடித்து, ஆள் பாதியாகியிருந்தான். தள்ளாடிப் படகில் ஏறியவன் அவள் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. கிழிந்த சட்டையைக் கழற்றி அவள் வயிற்றை மூடினான்.

"கிரகணம் எப்பவோ விட்டுருச்சுங்க."

"இருக்கட்டும்."

கரையில் ஊரே திரண்டு ஆரவாரம் செய்தது. கிரகணத்தில் போனதற்குத் திட்ட வந்தவர்களும் அழுதுவிட்டார்கள். கற்ற பாடம் என்னவோ சின்னதுதான்: வானம் இருண்டாலும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ரெக்சலின் அந்தச் சட்டையை வீடு சேரும்வரை எடுக்கவே இல்லை.