பன்னிரண்டாம் நம்பர்

1959 ஜூனில் ஆங்கில இலக்கியம் படிக்க நான் போய் இறங்கிய இடம் கல்லூரிக் கட்டடமே அல்ல. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், யாரோ ஒரு துரை விட்டுப்போன பழைய பங்களா. ஆங்கிலத் துறைக்கென்று அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாரல் பிடித்துவிட்டால் பகல் பதினோரு மணிக்கே உள்ளே முகம் தெரியாது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். ஓட்டுக்கு மேலே மரக்கிளை உரசும் சத்தம் பாடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். பையன்கள் பத்து. பதினொன்றாம் நம்பர் நான், கீழப்பாவூர் தங்கபுஷ்பம். பன்னிரண்டு, கடையத்து மாடத்தி. கவிதை, நாடகம், எந்தப் பாடமானாலும் அவள் என்னைவிடக் கெட்டி. ஆனால் வருகைக்குக் கூப்பிட்டால் மட்டும், பள்ளிக்கூடப் பழக்கத்தில் "உள்ளேன் ஐயா" என்றுதான் வாயில் வரும்.

விரிவுரையாளர் நம்பிராஜன் சாருக்கு அது ஆகாது. ஆங்கில வகுப்பில் "பிரசண்ட் சார்" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெளியே. ஆடிச் சாரலில் ஒரு வாரம் மாடத்தி தாழ்வாரத்தில் நின்றாள். சொல்லித் தொலையேன் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். முதலில் பழக்கமாக இருந்தது அதற்குள் வீம்பாகிவிட்டது. எட்டாம் நாள் காய்ச்சல். பதினைந்தாம் நாள் அவள் இறந்துபோன செய்தி வந்தது.

அந்த ஒரு வாரமும் நான் "பிரசண்ட் சார்" சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ரத்துசெய்துவிடும். அதனால் பதிவேட்டில் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை. சார் பதினொன்றோடு நிறுத்திக்கொள்வார். மறுவருஷம் சாரல் தொடங்கிய அன்று, ஏதோ யோசனையில், வாய் தவறி "டுவெல்வ்" என்றார்.

"உள்ளேன் ஐயா."

குரல் தாழ்வாரத்திலிருந்து வந்தது.

பையன்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் சார் ஒரு முடிவோடு வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குக் கமிஷன் வரும்போது பதினொரு பேர்தான் என்று சொல்லிவிடுவாராம். படிப்பு போனால் போகட்டுமாம். பையன்களுக்கென்ன, திருநெல்வேலிக்குப் போய்ப் படித்துக்கொள்வார்கள். தென்காசியைத் தாண்டினால் படிப்பு கிடையாது, கல்யாணம்தான் என்று என் அப்பா முதலிலேயே சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் தயாராக இருந்தான்.

பேய்க்குப் பயந்து படிப்பை விட நான் தயாராக இல்லை. கமிஷன் வருவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு தாழ்வாரத்துக்குப் போனேன். நனைந்த தாவணி வாடை அடித்தது. தரையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஈரம்.

"ஏட்டி மாடத்தி, அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. தப்புதான். நாளைக்கு அவங்க வருதாங்க. நீயும் வா. இங்கிலீஷ்ல சொல்ல வேண்டாம்."

என் புறங்கையில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

கூரை ஒழுகவில்லை.

சென்னையிலிருந்து வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். எங்கள் வருகைப் பதிவைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். சார் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

சாரின் முகம் வெளுத்தது. பதிவேட்டை மூடப்போனார்.

"இன்னும் ஒரு நம்பர் இருக்கு சார். கூப்பிடுங்க."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். சாருக்கு வேறு வழியில்லை. கூப்பிட்டார்.

ஓட்டில் கிளை உரசும் சத்தம் நின்றது.

"உள்ளேன் ஐயா."

பெரியவர் வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மா மழையில நிக்கறே? உள்ளே வந்து உட்காரு."

என் பெஞ்சு ஒரு பக்கமாக அமுங்கியது.

இரண்டு வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. மாணவர் பதின்மர், மாணவியர் இருவர் என்று அதில் கண்டிருந்தது. பையன்கள் என் பெஞ்சை விட்டு முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். நான் இடம் மாறவில்லை.

கடிதம் வந்த பிறகும் சார் பதினொன்றோடு பதிவேட்டை மூடினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் மூடியதும், என் பக்கத்திலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கூப்பிட்டது.

"நம்பிராஜன்."

சார் எழுந்து நின்றார். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது. உதடு இரண்டு முறை வெறுமனே அசைந்தது.

"உள்ளேன்... அம்மா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் காதருகே அவளும் சிரித்தாள்.